ரெக்கார்டிங் பரவாயில்லை, எக்ஸ்போர்ட் செய்தால் எழுத்து குழைந்துவிடுகிறது – உதவி தேவை

மன்னை_ஜெராக்ஸ் | இரவு 9.42

வணக்கம். மன்னார்குடியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் வேலைகளும் பார்ப்பேன். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டாவும் அடங்கலும் கேட்டுக் கூட்டம் நிற்கிற நேரம் இது. ஒரே விஷயத்தை ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. சரி, பட்டா-சிட்டாவை ஆன்லைனில் எடுப்பது எப்படி என்று ஆறு நிமிஷத்துக்கு ஒரு வீடியோ செய்து வாட்ஸ்அப் குழுவிலும் யூடியூபிலும் போட்டுவிடலாம் என்று இறங்கினேன்.

ஓபிஎஸ் என்கிற மென்பொருளில் திரையைப் பதிவு செய்தேன், ஷாட்கட் என்கிற எடிட்டிங் மென்பொருளில் வெட்டி ஒட்டினேன், 1920க்கு 1080 என்று எம்பி4 ஆக எக்ஸ்போர்ட் செய்தேன். பார்த்தால் எழுத்தெல்லாம் ஈரத்தாளில் எழுதிய மை மாதிரி இருக்கிறது. 'வட்டம்' என்று இருக்க வேண்டியது 'வடடம' என்று தெரிகிறது, புள்ளியெல்லாம் காணோம். நேற்று கோட்டூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் போன் செய்து, "தம்பி, நீங்க காட்டுற சர்வே நம்பர் 142/3ஏ2ஆ, 142/8ஏ2ஆ?" என்று கேட்கிறார். காப்பீட்டு விஷயத்தில் இந்த 3க்கும் 8க்கும் என்ன வித்தியாசம் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் டேட்டாவை, 20 எம்பிபிஎஸ் வரை ஏற்றிப் பார்த்தேன். ஃபைல் 900 எம்பி ஆனதுதான் மிச்சம், மங்கல் அப்படியே இருக்கிறது. லேப்டாப் பழைய ஐ3, 8 ஜிபி ரேம், திரை 1366க்கு 768. எங்கே தப்பு செய்கிறேன்?


வெட்டிப்பேச்சு | இரவு 9.50

லேப்டாப்பை மாத்துங்க சார். முடிந்தது.


மன்னை_ஜெராக்ஸ் | இரவு 9.53

ஜெராக்ஸ் ஒரு பக்கம் இரண்டு ரூபாய் சார். எத்தனை பக்கம் எடுத்தால் லேப்டாப் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.


குடந்தை_எடிட்டர் | இரவு 10.15

தம்பி, லேப்டாப்பை மாற்ற வேண்டாம். நான் கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். எங்கள் வேலையில் ஹோமப் புகைக்குள் மாப்பிள்ளை முகம் கொஞ்சம் குழைந்தால் அதையும் அழகு என்பார்கள். திருபுவனம் பட்டில் ஜரிகை இழை இழையாகத் தெரியவில்லை என்று இதுவரை யாரும் சண்டைக்கு வந்ததில்லை. திரைப்பதிவு அப்படியில்லை. ஒரு பிக்சல் கனத்தில் இருக்கிற கோடு ஒன்று போனாலும் எழுத்தே மாறிவிடும்.

20 எம்பிபிஎஸ் வைத்தும் சரியாகவில்லை என்கிறீர்களே, அதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. எக்ஸ்போர்ட்டுக்கு முன்பே எங்கோ எழுத்து கெட்டிருக்கிறது. கெட்டுப்போன படத்தை எவ்வளவு பெரிய ஃபைலில் போட்டாலும் கெட்டுப்போன படம்தான். ஒன்று செய்யுங்கள். சர்வே எண் தெரிகிற அதே நொடியில் நிறுத்தி மூன்று இடத்தில் பாருங்கள்: ஓபிஎஸ் கொடுத்த மூல ஃபைல், ஷாட்கட்டின் எக்ஸ்போர்ட், யூடியூபில் ஏறிய பிறகு. முழுத்திரையாக இழுக்காமல் 100 சதவீத அளவில் பாருங்கள். கூடவே மீடியாஇன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. அதில் முதல் இரண்டு ஃபைலையும் திறந்து அகலம், உயரம், பிட்ரேட், ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) நான்கையும் இங்கே போடுங்கள்.


மன்னை_ஜெராக்ஸ் | இரவு 10.48

அண்ணே, பார்த்துவிட்டேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது. தலைப்பில் 'ரெக்கார்டிங் பரவாயில்லை' என்று எழுதியிருக்கிறேன், அது தப்பு. ஓபிஎஸ் ஜன்னலில் தெரிகிற காட்சியை மட்டும் பார்த்து நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். பதிவான ஃபைலைத் திறந்தே பார்க்கவில்லை. அதிலேயே 3ம் 8ம் ஒன்றாகத்தான் இருக்கிறது.

மூல ஃபைல்: 1280க்கு 720, 30 ஃப்ரேம், பிட்ரேட் 2480 கேபிபிஎஸ்.
எக்ஸ்போர்ட்: 1920க்கு 1080, 30 ஃப்ரேம், 20 எம்பிபிஎஸ்.


குடந்தை_எடிட்டர் | இரவு 11.10

அதான் பார்த்தேன். உங்கள் திரை 1366க்கு 768. ஓபிஎஸ் அதை 1280க்கு 720 ஆகச் சுருக்கியிருக்கிறது. 768ஐ 720 ஆக்குவது என்றால் 16 பிக்சல் இருந்த இடத்தில் 15ஐ உட்கார வைப்பது. பதினாறு பேர் பெஞ்சில் பதினைந்து பேர் என்றால் ஒருவரை எழுப்பிவிட்டால் போதும். பிக்சலில் அப்படி முடியாது, எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து பதினைந்து ஆக்க வேண்டும். 'ட்' மேல் இருக்கிற புள்ளி உங்கள் திரையில் இரண்டு பிக்சல் அகலம் இருந்தால் அதிகம். கலந்த பிறகு அது சாம்பல் கறையாகிவிடும்.

அப்புறம் ஷாட்கட்டில் அதையே 1080க்கு இழுத்திருக்கிறீர்கள். 720 இப்போது 1080 ஆக வேண்டும், அதாவது இரண்டு பிக்சலை மூன்றாக்க வேண்டும். நடுவில் வருகிற மூன்றாவது பிக்சல் ஊகம்தான். சுருக்கிப் பிறகு இழுத்த புடவைதான் உங்கள் வீடியோ.

பிட்ரேட் வேறு. ஓபிஎஸ்ஸில் செட்டிங்ஸ், அவுட்புட் போய்ப் பாருங்கள். ரெக்கார்டிங் குவாலிட்டி 'சேம் அஸ் ஸ்ட்ரீம்' என்று இருக்கும். நேரலைக்கு வைத்த பிட்ரேட்டிலேயே பதிவும் ஆகிறது. அதை 'ஹை குவாலிட்டி' அல்லது அதற்கு அடுத்த 'இன்டிஸ்டிங்குவிஷபிள் குவாலிட்டி'க்கு மாற்றுங்கள். வீடியோ பக்கத்தில் பேஸ் ரெசல்யூஷன் (ஓபிஎஸ் எடுக்கும் திரையின் அளவு), அவுட்புட் ரெசல்யூஷன் (பதிவாகும் அளவு) இரண்டையும் ஒரே அளவு ஆக்குங்கள். நாளைக்கு ஒரு நிமிஷம் மட்டும் பதிவு செய்து சோதித்துப் பாருங்கள். ஆறு நிமிஷத்தையும் மறுபடி எடுக்க வேண்டாம்.


கடைமடை_விவசாயி | காலை 6.20

திருத்துறைப்பூண்டியிலிருந்து எழுதுகிறேன். எனக்கு இது நன்றாகப் புரிகிறது. மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி திறக்கிறார்கள் என்று டிவியில் காட்டுவார்கள். கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் பிரிந்து, ஒவ்வொரு மதகாகத் தாண்டி எங்களிடம் வருவது எவ்வளவு என்று எங்களுக்குத்தான் தெரியும். உங்கள் வீடியோவும் அப்படித்தான் வந்து சேர்கிறது.


வெட்டிப்பேச்சு | காலை 7.05

ஐயா, எல்லாவற்றுக்கும் மேட்டூரை இழுக்காவிட்டால் நமக்குத் தூக்கம் வராதா?


கடைமடை_விவசாயி | காலை 7.11

வராது.


மன்னை_ஜெராக்ஸ் | பகல் 1.30

அண்ணே, இரண்டையும் 1366க்கு 768 ஆக்கினேன். நேற்றைக்கு இன்றைக்கு ரொம்பத் தேவலை. ஆனால் மீடியாஇன்ஃபோவில் 1364க்கு 768 என்று காட்டுகிறது. இரண்டு பிக்சலை யார் எடுத்துப் போனது? படுக்கைக் கோடுகள் கூர்மையாக இருக்கின்றன, நெட்டுக் கோடுகளில் மட்டும் ஆங்காங்கே லேசான மங்கல்.


பாபநாசம்_பொடியன் | பகல் 1.52

பதிவின் அகலம் நான்கால் வகுபட வேண்டும் என்று ஓபிஎஸ் பார்த்துக்கொள்ளும் அண்ணா. 1366 நான்கால் வகுபடாது, அதனால் 1364 ஆக இறக்கிவிட்டது. உயரம் அப்படியே இருக்கிறது, அகலம் மட்டும் இரண்டு பிக்சல் சுருங்கியிருக்கிறது. நெட்டுக் கோடு மட்டும் மங்குவதற்கு அதுதான் காரணம். பேஸ் ரெசல்யூஷனையே 1364க்கு 768 என்று கையால் அடித்துவிட்டு, திரைப்பதிவு சோர்ஸை அளவு மாற்றாமல் விட்டால் வலது ஓரத்தில் இரண்டு பிக்சல் வெட்டுப்படும். சுருக்கம் இருக்காது.


ஐயாறு_டீச்சர் | மாலை 5.40

இவ்வளவு சுற்ற வேண்டாம். நான் பத்தாம் வகுப்புக் கணக்குக்கு வீடியோ போடுகிறேன், என்னிடமும் இதே திரைதான். பதிவு செய்யும் நேரத்துக்கு மட்டும் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் திரை அளவை 1280க்கு 720 ஆக்கிவிடுவேன். ஓபிஎஸ்ஸிலும் இரண்டும் 1280க்கு 720. லேப்டாப் திரையில் எழுத்து கொஞ்சம் மங்கித் தெரியும், பயப்படக் கூடாது. பேனலுக்குப் பொருந்தாத அளவை இழுத்துக் காட்டுவதால் வருகிற மங்கல் அது. ஓபிஎஸ் பிடிப்பது இழுப்பதற்கு முந்தைய படத்தை. அது பிக்சலுக்குப் பிக்சல் சுத்தமாக இருக்கும்.

இதைவிட முக்கியமான விஷயம், பிரவுசரில் கன்ட்ரோலும் ப்ளஸ்ஸும் அழுத்தி 150 அல்லது 175 சதவீதம் ஆக்குங்கள். என் மாணவர்கள் பாதிப் பேர் டேட்டா தீர்ந்துவிடும் என்று 360பியில்தான் பார்க்கிறார்கள். நீங்கள் எவ்வளவு கூர்மையாக ஏற்றினாலும் அவர்கள் போனில் இறங்குவது 360 வரிதான். அந்த 360 வரியில் புள்ளி பிழைக்க வேண்டும் என்றால் பதிவு செய்யும்போதே எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். அதற்கு வேறு குறுக்குவழி இல்லை. 720க்குச் சரிபாதி 360 என்பதும் ஒரு வசதி.


குடந்தை_எடிட்டர் | மாலை 6.15

டீச்சர் சொன்னதில் நான் மாறுபட ஒன்றுமில்லை. எடிட்டிங் ஆட்கள் நாங்கள் பிட்ரேட், கோடெக் என்றே பேசிக்கொண்டிருப்போம். பார்க்கிறவர் எந்தத் திரையில் பார்க்கிறார் என்பதைக் கடைசியில்தான் கேட்போம்.


மன்னை_ஜெராக்ஸ் | இரவு 10.05

டீச்சர் சொன்னபடியே எடுத்தேன். மூல ஃபைல் கண்ணாடி மாதிரி இருக்கிறது, 'வட்டம்' புள்ளியோடு இருக்கிறது! சந்தோஷமாக ஷாட்கட்டில் புது ப்ராஜெக்ட் போட்டு, முகப்பில் நெல் கொள்முதல் நிலையத்துக் காட்சி ஒன்றை வைத்து, எதையும் நோண்டாமல் எக்ஸ்போர்ட் கொடுத்தேன். முன்னைவிட மோசம். அழுகை வருகிறது.


குடந்தை_எடிட்டர் | இரவு 10.20

அந்த முகப்புக் காட்சி எங்கே எடுத்தது? எக்ஸ்போர்ட் ஆன ஃபைல் எத்தனைக்கு எத்தனை?


மன்னை_ஜெராக்ஸ் | இரவு 10.31

வாட்ஸ்அப்பில் வந்தது அண்ணே. எக்ஸ்போர்ட் 848க்கு 480. அட, அந்த முகப்பு க்ளிப்பும் 848க்கு 480தான்!


குடந்தை_எடிட்டர் | இரவு 10.44

பிடிபட்டுவிட்டது. ஷாட்கட்டில் வீடியோ மோடு 'ஆட்டோமேடிக்' என்று இருந்தால், முதலில் எந்தக் க்ளிப்பைப் போடுகிறீர்களோ அதன் அளவையே ப்ராஜெக்ட்டுக்கு எடுத்துக்கொள்ளும். பந்தியில் முதல் ஆள் எங்கே உட்கார்ந்தாரோ அங்கேதான் வரிசை போகும் என்கிற மாதிரி. உங்கள் 720ம் வாட்ஸ்அப் க்ளிப்பின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. செட்டிங்ஸில் வீடியோ மோடு போய் 'ஹெச்டி 720பி 30 எஃப்பிஎஸ்' என்று நீங்களே தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு க்ளிப்புகளைப் போடுங்கள். முகப்பு கொஞ்சம் மங்கும், மங்கட்டும். நெல் குவியலில் படிக்க ஒன்றும் இல்லை.

எக்ஸ்போர்ட்டில் அட்வான்ஸ்டு, கோடெக் போய் ரேட் கன்ட்ரோலை 'ஆவரேஜ் பிட்ரேட்'டில் இருந்து 'குவாலிட்டி பேஸ்டு விபிஆர்' ஆக மாற்றுங்கள். குவாலிட்டி 65 வைத்தால் பக்கத்திலேயே சிஆர்எஃப் 18 என்று காட்டும். அந்த சிஆர்எஃப் எண் குறையக் குறையத் தரம் கூடும். வீடியோவைச் சுருக்குகிற x264 என்கிற நிரலின் இயல்பு அளவு 23. திரைப்பதிவில் பாதி நேரம் எதுவும் அசையாது, நீங்கள் பேசிக்கொண்டிருப்பீர்கள், பக்கம் அப்படியே நிற்கும். அந்த இடத்துக்கெல்லாம் இந்த முறை பிட்டை வீணாக்காது. பக்கத்தை உருட்டும்போது மட்டும் அள்ளிக் கொடுக்கும். 20 எம்பிபிஎஸ் என்று கட்டிப் போட்டால் நின்ற படத்துக்கும் கொட்டிக்கொண்டே இருக்கும். உங்கள் 900 எம்பி வந்த வழி அதுதான்.


கடைமடை_விவசாயி | காலை 6.05

தம்பி, நடுவில் என் சந்தேகம் ஒன்று. நான் செல்போனிலேயே திரையைப் பதிவு செய்கிறேன், 1080க்கு 2400 போன். கம்ப்யூட்டரில் போட்டு யூடியூப்புக்கு அகலமாக மாற்றினால் நடுவில் குச்சி மாதிரி நிற்கிறது, ஒன்றும் படிக்க முடியவில்லை. அதோடு எட்டாவது நிமிஷத்துக்கு மேல் என் குரல் ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம் போகிறது.


பாபநாசம்_பொடியன் | காலை 8.30

ஐயா, 2400 உயரத்தை 1080க்குள் அடக்கினால் அகலம் 486 பிக்சல்தான் மிஞ்சும். பாதிக்கும் கீழே. அதில் எழுத்து எங்கே தெரியும்? பார்ப்பவர்களும் போனில்தான் பார்ப்பார்கள் என்றால் நெட்டு வீடியோவாகவே, 1080 அகலத்திலேயே ஏற்றிவிடுங்கள். அகலமாகத்தான் வேண்டும் என்றால் விரல் இருக்கிற பகுதியை மட்டும் க்ராப் செய்து பெரிதாக்கிக் காட்டுங்கள்.

குரல் தள்ளிப்போவது வேறு நோய். போன் ரெக்கார்டர் ஒரே சீரான ஃப்ரேம் ரேட்டில் எடுக்காது, திரை அசையும்போது அதிகமாகவும் நிற்கும்போது குறைவாகவும் எடுக்கும். எடிட்டிங் மென்பொருளுக்கு அது குழப்பம். ஹேண்ட்பிரேக் என்கிற மென்பொருளில் போட்டு 30 ஃப்ரேம், 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்' என்று ஒரு முறை மாற்றிய பிறகு எடிட் செய்யுங்கள். ஷாட்கட் அப்படிப்பட்ட ஃபைலைத் திறந்தால் தானாகவே 'மாற்றட்டுமா' என்று கேட்கும். நாம்தான் படிக்காமல் 'நோ' அழுத்திவிடுவோம்.


மன்னை_ஜெராக்ஸ் | பகல் 12.40

720 மோடு வைத்து எடுத்தாயிற்று. எழுத்தெல்லாம் தெளிவு. ஒன்றே ஒன்று பாக்கி. 'இங்கே அழுத்தவும்' என்று நான் சேர்த்த சிவப்பு எழுத்து நீலப் பட்டையின் மேல் வருகிறது, அது மட்டும் ஓரம் கசிகிறது. பக்கத்திலேயே கறுப்பு எழுத்து ஜம்மென்று இருக்கிறது.


பாபநாசம்_பொடியன் | பகல் 1.15

அது 4:2:0 அண்ணா, வீடியோவில் நிறத்தைச் சேமிக்கிற முறை. வெளிச்சம் எவ்வளவு என்பதை ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்வார்கள். நிறம் என்ன என்பதை நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒன்றாக வைத்துக்கொள்வார்கள். உங்கள் வீடியோ 1280க்கு 720 என்றால் நிறம் மட்டும் 640க்கு 360தான். கறுப்பு-வெள்ளையில் வெளிச்ச வித்தியாசம் பெரிது, அதனால் தப்பித்துவிடும். சிவப்புக்கும் நீலத்துக்கும் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, நிறத்தை நம்பித்தான் எழுத்தே நிற்கிறது. நிறத்தையும் ஒவ்வொரு பிக்சலுக்கும் வைக்கிற 4:4:4 முறையில் எக்ஸ்போர்ட் செய்யலாம், ஆனால் பல போன்களில் அது ஓடாது. யூடியூபும் மறுபடி 4:2:0 ஆக்கிவிடும். மஞ்சள் பெட்டியில் கறுப்பு எழுத்து போட்டுவிடுங்கள்.


ஐயாறு_டீச்சர் | பகல் 1.40

கரும்பலகையில் சிவப்பு சாக்பீஸால் எழுதாதே என்று என் தலைமையாசிரியர் சொல்வார். கடைசி பெஞ்சுக்குத் தெரியாதாம்.


குடந்தை_எடிட்டர் | மாலை 4.00

அனுப்புவதிலும் கவனம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருக்கித்தான் போகும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும், 2 ஜிபி வரை இடம் உண்டு. யூடியூபில் ஏற்றினால் உடனே பார்த்துவிட்டுப் பதறாதீர்கள். முதலில் குறைந்த தரம்தான் தயாராகும், ஹெச்டி வரக் கொஞ்ச நேரம் ஆகும். இன்னும் ஒரு தந்திரம் உண்டு: 720ஐச் சரியாக இரட்டித்து 2560க்கு 1440 என்று ஏற்றலாம். இரட்டிப்பு என்பதால் பிக்சல் கலப்பு ரொம்ப இருக்காது, 1440க்கு யூடியூப் கூடுதல் பிட்ரேட்டும் கொடுக்கும். 30 ஃப்ரேமுக்கு ஏற்றும்போது 1080க்கு 8 எம்பிபிஎஸ், 1440க்கு 16 எம்பிபிஎஸ் என்பது அவர்களே சொல்லும் அளவு.


ஐயாறு_டீச்சர் | மாலை 4.25

360பியில் பார்க்கிறவருக்கு 1440 எதற்கு சார்? அவர் லேப்டாப்பில் ஆறு நிமிஷ வீடியோ 1440ல் ரெண்டர் ஆக ஒரு மணி நேரம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் அதுவும் போச்சு.


குடந்தை_எடிட்டர் | மாலை 4.31

ஒப்புக்கொண்டேன் டீச்சர். வேண்டாம் தம்பி, 720ஏ போதும்.


வெட்டிப்பேச்சு | மாலை 4.50

விளையாட்டில்லாமல் ஒன்று சொல்கிறேன். நீங்கள் முதலில் போட்ட வீடியோவைத் தேடிப் பார்த்தேன். 2.10ல் ஓடிபி வருகிற இடத்தில் உங்கள் செல் நம்பர் முழுசாகத் தெரிகிறது. மங்கலாக இருந்ததே புண்ணியம். புது வீடியோவில் பளிச்சென்று தெரியப் போகிறது. அந்த இடத்தை மறைத்துவிட்டுப் போடுங்கள். பட்டா எண்ணும் பெயரும் சொந்தக்காரர் சம்மதம் இல்லாமல் வேண்டாம்.


மன்னை_ஜெராக்ஸ் | மாலை 5.20

சார், நேற்று உங்களை மனசுக்குள் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பழையதை எடுத்துவிட்டேன். புதியதில் அந்த இடத்தில் கறுப்புப் பெட்டி. சர்வே எண் எங்கள் அப்பா நிலத்தினுடையது, அவரிடம் கேட்டுவிட்டேன்.


மன்னை_ஜெராக்ஸ் | மறுநாள் இரவு 8.55

கடைசி நிலவரம். திரை 1280க்கு 720, பிரவுசர் 175 சதவீதம், ஷாட்கட் மோடு 720பி, சிஆர்எஃப் 18, மஞ்சளில் கறுப்பு. ஆறு நிமிஷ ஃபைல் 62 எம்பி. 900 எங்கே, 62 எங்கே! ஏற்றுவதற்கு முன் என் போனில் 360பியாகச் சுருக்கி, வெயிலில் நின்று பார்த்தேன். 142/3ஏ2 என்று வாய்விட்டுப் படிக்க முடிகிறது.

கோட்டூர் பெரியவருக்கு டாக்குமென்ட்டாக அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. "நம்பர் இப்ப தெளிவா இருக்கு தம்பி, புள்ளி கூடத் தெரியுது. நீ பேசுறதுதான் ஒண்ணும் கேக்கல" என்கிறார். கடை கூரை தகர ஷீட். நேற்று பதிவு செய்தபோது வெளியே ஐப்பசி மழை. குரல் பதிவுக்கு யாராவது இங்கே இருக்கிறீர்களா, இல்லை புது இழை தொடங்கட்டுமா?